கடைசி ஆளுக்கு வேலை

சாமான் வண்டி அந்த வீட்டு வாசலில் வந்து நின்றபோது பகல் பதினொரு மணி. சுள்ளென்று வெயில். பேய்க் கதை தொடங்கப் பொருத்தமான நேரம் இல்லைதான். ஆனால் நடந்தது பகலில் நடந்திருந்தால் அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

வீடு பழசு. முன்னறையில் மட்டும் வெளிச்சம். அதை ஒட்டிய பின்னறையில் எந்நேரமும் அரையிருட்டு. அங்கே ஆள் உயரத்துக்கு மேலே, மரக்கதவு போட்ட ஒரு பரண்.

குடி வந்தவர்கள் மூன்று பேர். கணவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எவர் நடுவழியில் மாட்டிக்கொண்டாலும் கடப்பாரையோடு போய் நிற்பவர். மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். புதிதாக ஒருவரைப் பார்த்தால் முகத்துக்கு முன்பே தோள்பட்டைதான் அவள் கண்ணில் படும். மகளுக்குப் பத்து வயது. எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவதால் வீட்டில் அவள் பெயர் வக்கீல்.

வக்கீலின் இடது முழங்கைக்குள் இரண்டு ஸ்க்ரூ உண்டு. ஆறு வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்தபோது வைத்தது. அப்படியே இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மழை வந்தால், "ஸ்க்ரூ குளிருதும்மா" என்பாள். பரீட்சை வந்தாலும் குளிரும்.

சாவி கொடுத்த வீட்டுக்காரர் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"பரண்ல முன்ன இருந்தவங்க சாமான் ஏதோ கெடக்கு. வேணும்னா வச்சுக்குங்க. வேண்டாம்னா," என்று கொஞ்சம் யோசித்தார். "வேண்டாம்னாலும் வச்சுக்குங்க."

கிடந்தது ஒரு வீடியோ கேம் பெட்டி. பழைய மாடல். கண்ட்ரோலர் சொருக நாலு ஓட்டை. ஆனால் கண்ட்ரோலர் மூன்றுதான். மெக்கானிக்குக் கை சும்மா இருக்குமா? சாயங்காலத்துக்குள் கழற்றித் துடைத்து, வயரை ஒட்டி, டிவியில் மாட்டிவிட்டார். உள்ளே ஒரு கார் பந்தயம் இருந்தது. திரை நான்கு கட்டங்களாகப் பிரிந்தது. மூன்று கட்டங்களில் மூன்று பேருடைய கார்கள். நான்காவது கட்டத்தில் ஒரு சாம்பல் நிறக் கார், கிளம்பும் கோட்டிலேயே, அசையாமல்.

"உள்ள எங்கயோ ஷார்ட் ஆகுது," என்றார் மெக்கானிக். "கண்டுக்காத."

அதுவரைக்கும் அந்த வீட்டில் மூன்று பேரும் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டவர்கள். இப்போது ஒரே பாயில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒருவரையொருவர் பள்ளத்தில் தள்ளிச் சிரித்தார்கள். வீட்டுக்குள் சிரிப்பு கேட்டு எத்தனை நாளாயிற்று என்று மனைவி நினைத்துக்கொண்டாள். இரண்டாம் நாளே வக்கீல் சட்டம் போட்டுவிட்டாள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி டிவிக்கு மேலே ஒட்டினாள். முதலில் வந்தவர் ஒரு வேலை சொல்ல வேண்டும். கடைசியில் வந்தவர் அதைச் செய்ய வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு ஒரு வேலை. கீழே மூன்று கையெழுத்து.

அன்று முதலில் வந்தது அம்மா. மூன்று பேரில் கடைசி வக்கீல்.

"பாத்திரம் கழுவுடி."

"நான் ஏன் கழுவணும்? கடைசி ஆள் நான் இல்லையே. அந்த நாலாவது கார் இன்னும் கெளம்பவே இல்ல."

மெக்கானிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாயிண்டு. கேஸ் தள்ளுபடி."

"சரி," என்றாள் அம்மாவும், திரையைப் பார்த்துக் கையை நீட்டி. "ஏய் நாலாம் ஆளு. நீ கழுவு."

காலையில் பாத்திரமெல்லாம் கழுவியிருந்தது. தட்டுகள் மட்டும் சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன, தண்டனை வாங்கிய பிள்ளைகள் மாதிரி. கணவர் கழுவினார் என்று அவள் நினைத்தாள். அவள் கழுவினாள் என்று அவர் நினைத்தார். நன்றி சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் இல்லாததால் நான்கு நாள் ஓடிவிட்டது.

ஐந்தாம் நாள் பேச்சுவாக்கில் உண்மை தெரிந்தது. இரண்டு பேருமே கழுவவில்லை. பயந்திருக்க வேண்டும்தான். ஆனால் பளபளவென்று கழுவி வைத்த பாத்திரத்தைப் பார்த்துப் பயப்படுவது அவ்வளவு சுலபமில்லை.

அதன் பிறகு துணி மடிப்பது, தரை துடைப்பது எல்லாம் நாலாம் ஆளின் தலையில். மடித்த துணி ஒவ்வொன்றும் உள்பக்கம் வெளியே தெரிய மடித்திருக்கும். துடைத்த தரையில் ஊறப்போட்டு மறந்த துணியின் நாற்றம் லேசாக அடிக்கும். அதற்கென்ன, சம்பளமில்லாத ஆள்.

ஒருநாள் அம்மா முதலில் வந்ததும், "இன்னிக்கு வேலை, பாப்பா படுக்கறதுக்கு முன்னாடி ஒழுங்கா பல்லு தேய்க்கணும்" என்றாள்.

"அப்ஜெக்‌ஷன்," என்றாள் வக்கீல், பாயிலிருந்து எழுந்திருக்காமலே. "கடைசியா வந்தது நாலாம் ஆள். நீங்க என்ன வேலை சொன்னாலும் செய்ய வேண்டியது கடைசி ஆள்தான். பாப்பா பல்லு தேய்க்கணும்னா, அதையும் அதுதான் தேய்க்கணும்."

சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

காலையில் வக்கீலின் பிரஷ் நனைந்திருந்தது. நுரை இன்னும் காயவில்லை.

வக்கீல் அதைத் தொடவில்லை. புது பிரஷ் வாங்கினார்கள்.

மெக்கானிக்குக் கிண்டல் அதிகம். "டேய் நாலாம் ஆளு, என் ஷூவைத் தொடை. முகம் தெரியணும்" என்றார். காலையில் முகம் தெரிந்தது. காலை உள்ளே விட்டவர் அலறிவிட்டார். ஷூவுக்குள் துருப்பிடித்த மூன்று ஆணிகள், வரிசையாக, நுனி மேலே பார்க்க.

"போதுங்க," என்றாள் அவள், அவர் காலில் மருந்து வைத்துக் கட்டிக்கொண்டே. "அந்தப் பெட்டியத் தூக்கிப் போடுங்க."

"அடுத்த வாரம் போட்டுடலாம். இந்த ஞாயித்துக்கிழம ஒண்ணு ஆடிட்டு."

அடுத்த வாரம் என்று சொல்பவர்களால்தான் பேய்களுக்குப் பிழைப்பு நடக்கிறது.

ஞாயிறு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. விளக்கைப் போட்டுக்கொண்டு மூன்று பேரும் பாயில் உட்கார்ந்தார்கள். திரையில் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண் ஓடியது.

சாம்பல் கார் கிளம்பியது.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. அது யாரையும் இடிக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஒரு மயிரிழை உள்ளே புகுந்து முந்திக்கொண்டே போனது. இத்தனை நாள் கோட்டில் நின்று பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.

முதலில் வந்தது சாம்பல் கார். கடைசியில் வந்தது வக்கீல்.

"ஸ்க்ரூ குளிருது. அதான் தோத்தேன்," என்றாள்.

பிறகு தலையைச் சாய்த்தாள். யாரோ காதருகே குனிந்து பேசுவதைக் கேட்பது போல.

ஈரத்துணி நாற்றம் குப்பென்று அடித்தது.

"சரி," என்றாள் வக்கீல். கண்ட்ரோலரைப் பாயில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"எங்கடி போற?"

"வேலைக்குதாம்மா. இவ்வளவு நாள் அது இருந்த எடத்துல போய் நான் இருக்கணுமாம்."

பின்னறைக்குள் நடந்தாள். ஏணி இல்லை, நாற்காலி இல்லை. ஆனால் பரண் கதவு மூடும் சத்தம் கேட்டது.

மெக்கானிக் கடப்பாரையோடு ஓடினார். "பயப்படாத. கதவத் தட்டாத. ஓரமா உக்காரு. அப்பா வந்துட்டேன்" என்றார். மாட்டிக்கொண்டவர்களிடம் இருபது வருஷமாக அவர் சொல்லும் அதே வாக்கியங்கள். கதவு பிளந்தது.

உள்ளே தூசிதான். இரண்டடி ஆழம். தூசியில் புதிதாக ஒரு விரல் தடம்கூட இல்லை.

டொக்.

சுவருக்குப் பின்னாலிருந்து.

டொக்.

"அப்பா." குரல் எங்கோ ஆழத்தில் கேட்டது. "கடப்பாரை எல்லாம் சட்டத்துல இல்லப்பா. ஆடுங்க. ஜெயிச்சு வேலை சொல்லுங்க."

"வக்கீலு..."

"சீக்கிரம்பா. இங்க எடம் சின்னதாயிக்கிட்டே வருது."

அவர்கள் முன்னறைக்குத் திரும்பியபோது வக்கீலின் கண்ட்ரோலர் பாயிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தது. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் பாய் அழுந்தியிருந்தது. கண்ட்ரோலரில் பொத்தான் ஒன்று, அவசரமில்லாமல், அமுங்கி அமுங்கி எழுந்தது.

அம்மா அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேறு இடம் இல்லை. அவளுடைய இடது தோளில் யாருடைய தோளோ பட்டது.

அந்தத் தோளில் எலும்பு இல்லை.

"இங்க பாரு," என்று கிசுகிசுத்தார் கணவர். "நான் ஜெயிக்கப் போறதில்ல. அத மறிக்கப் போறேன். நீ போய்க்கிட்டே இரு. திரும்பிப் பாக்காத."

திரையில் இப்போது மூன்று கார்தான். மூன்று, இரண்டு, ஒன்று.

வாழ்க்கையில் ஒரு நிஜக் காரைக்கூட ஓட்டத் தெரியாதவள் அன்று அப்படி ஓட்டினாள். பாலத்தின் மேல் மெக்கானிக் தன் காரைக் குறுக்கே நிறுத்தினார். சாம்பல் கார் இடித்தது. மறுபடி இடித்தது. ஒவ்வொரு இடிக்கும் கட்டுப்போட்ட காலில் ஆணி ஏறியது போல அவர் துடித்தார். கட்டு சிவப்பாக நனைந்தது. அவர் நகரவில்லை. அவள் கோட்டைத் தாண்டினாள். அப்புறம்தான் அவர் காரைத் திருப்பி, சாம்பல் காருக்கு ஒரு முழம் முன்னால் கோட்டைத் தொட்டார்.

சாம்பல் கார் கடைசி.

"வேலை சொல்லு," என்றார் அவர். "சீக்கிரம்."

அவளுக்கு வாய் குழறியது. "என் பொண்ணு அந்தப் பரண்லேருந்து எறங்கி வந்து, இந்தப் பாய்ல, எங்க பக்கத்துல உக்காரணும். அவ்வளவுதான். அதான் வேலை."

கண்ட்ரோலர் பாயில் விழுந்தது.

பின்னறையில் யாரோ இறங்கும் சத்தம். சிறிய கால்கள். வக்கீல் தலையெல்லாம் தூசியாக வாசலில் நின்றாள். நடந்து வந்தாள். அவர்கள் பக்கத்தில், பாயில், உட்கார்ந்தாள்.

மெக்கானிக் கட்டிக்கொண்டு அழுதார். "சில்லுன்னு இருக்காளே, ஒரு துண்டு கொண்டா" என்றார். பிறகு சுத்தியலைத் தேடினார். எடுத்துக் கொடுத்தது மகள்தான். அவர் அந்தப் பெட்டியைப் பொடிப்பொடியாக உடைத்து, மூன்று கண்ட்ரோலரையும் நசுக்கி, வெவ்வேறு குப்பைத் தொட்டிகளில் கொண்டுபோய்ப் போட்டார். பின்னறைப் பக்கமிருந்து டொக், டொக் என்று கேட்டது.

"மழைப்பா," என்றாள் மகள்.

நான்காம் நாள் வேறு வீடு. பரண் இல்லாத வீடு. அதைப் பார்த்துத்தான் முன்பணம் கொடுத்தார்கள். வக்கீல் வாதாடுவதை விட்டுவிட்டாள். சொல்லாமலே பாத்திரம் கழுவினாள். கேட்காமலே பல் தேய்த்தாள். பயந்த பிள்ளை, கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றார் அவர். பிள்ளை திருந்திவிட்டது என்று எந்தத் தாய் போய்ப் புகார் கொடுப்பாள்? அவளும் மூன்று வாரம் நிம்மதியாக இருந்தாள்.

அப்புறம் மழை வந்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. அவள் காத்திருந்தாள். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழங்கையைத் தடவவே இல்லை.

"ஸ்க்ரூ குளிரலையாடி?"

மகள் கொஞ்சம் யோசித்தாள். "இல்லம்மா."

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். "வளர்ற பிள்ளை, ஸ்க்ரூ சரியா இருக்கான்னு ஒரு தடவ பாத்துடலாம்" என்றாள். கதிர் உடம்பில் படாமலிருக்க ஈய ஏப்ரன் போட்டுவிட்டாள். கையைப் பலகை மேல் நீட்டி வைத்தாள். தழும்பு அதே இடத்தில் இருந்தது. தையல் போட்ட ஏழு புள்ளியும் எண்ணி வைத்தாற்போல இருந்தன. அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அமுக்கினாள்.

திரையில் படம் வந்தது.

ஸ்க்ரூ இல்லை.

ஸ்க்ரூ மட்டுமா இல்லை. தோலின் ஓரம் மங்கலாகத் தெரிந்தது. அதற்குள்ளே, தோள் வரைக்கும், ஒன்றுமே இல்லை.

"படம் நல்லா வந்திருக்காம்மா?"

அவள் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மகள் ஸ்டூலில் உட்கார்ந்தபடி நேரே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம் பொண்ணு எங்க?" என்று கேட்க நினைத்தாள். உதடுதான் அசைந்தது.

"சுவத்துக்குப் பின்னாடிதான். தட்டிக்கிட்டே இருந்தாளே, கேக்கலையா?" குரலில் கோபம்கூட இல்லை. "எறங்கி வந்து பக்கத்துல உக்காரணும்னு சொன்னீங்க. செஞ்சேன். கடைசி ஆள்தானே செய்யணும்? சட்டம் உங்க பொண்ணு போட்டது."

அவள் கை போனைத் தேடியது.

"அப்பாவுக்கா? கூப்பிட்டு என்ன பண்ணப் போறீங்க? ஜெயிச்சாத்தான் வேலை சொல்ல முடியும். பெட்டியத்தான் அவரு உடைச்சுட்டாரே. எத்தனை நாள் பாத்திரம் கழுவ விட்டீங்க என்னை?"

மகள் ஸ்டூலிலிருந்து இறங்கினாள். ஈய ஏப்ரனைக் கழற்றினாள். உள்பக்கம் வெளியே தெரிய, மூலை பிசகாமல் மடித்தாள். அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். பிறகு போய்க் கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாகக் கேட்டாள்.

"அடுத்த ஆள வரச் சொல்லட்டாம்மா?"