கழுத்துக்குள் ஒரு ரீங்காரம்

குளிர்பெட்டியின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் இரைச்சல் நிற்கவில்லை. சுவர்ப் பக்கம் போனாலும், வாசலுக்கு வந்தாலும், சுட்ட ஈரப்பலா மணக்கும் அடுப்புக் கொட்டகை வரை நடந்தாலும், தேன்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்பதுபோன்ற அந்த மெல்லிய ரீங்காரம் ஓரடி விடாமல் தைமானேவின் கூடவே வந்தது. கை தானாகக் கழுத்தின் வலப்பக்கம் போனது. பிளாஸ்திரிக்கு அடியில் தோல் அதிர்ந்துகொண்டிருந்தது.

சிறுநீரகம் கைவிட்ட நாளில் டயாலிசிஸுக்காக அவசர அவசரமாக அங்கேதான் தற்காலிகக் குழாயைச் செருகினார்கள். மூன்று நாளைக்கு முன் அதை எடுத்துவிட்டு இடப்பக்கம் வேறு குழாய் வைத்தபோது, நர்ஸ் ஃபெத்து கறாராகச் சொல்லி அனுப்பினாள்.

"குத்தும்போது ஊசி பக்கத்துத் தமனியையும் தொட்டிருக்கலாம், அக்கா. வீங்கினாலோ, உர்ருன்னு அதிர்ந்தாலோ அடுத்த நிமிஷம் இங்க இருக்கணும். உள்ளே சின்னதா ஒரு குழாய் வச்சு ஓட்டைய அடைச்சிடலாம். ஆனா யாரும் அதுல கை வைக்கக் கூடாது. ஊர்ல எண்ணெய் போட்டு நீவுற வேலையே வேணாம்."

இன்று மதியம் நாத்தனார் லுப்பே தேங்காயெண்ணெயைச் சூடாக்கி அரைமணி நேரம் நீவிவிட்டாள்.

"அந்த நர்ஸுக்குக் குத்தத்தான் தெரியும் அண்ணி. கட்டிய நான் கரைச்சுக் காட்டுறேன் பாருங்க" என்று சிரித்தாள். தங்கமான மனசுக்காரி. அவளிடம் வேண்டாம் என்று சொல்லத் தைமானேவுக்கு வாய் வரவில்லை. காலையில் நெல்லிக்காய் அளவு இருந்த வீக்கம் இப்போது எலுமிச்சை அளவாகிவிட்டது.

"ஏங்க, ஆப்பியா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

கணவர் பெலெனாதோ வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். வெளியே மாலை ஜெபத்துக்கான சங்கு முழங்கியது. சாலையோரம் இளைஞர்கள் காவலுக்கு வந்து நின்றார்கள். இனி ஜெபம் முடியும்வரை ஊரில் ஒரு சக்கரம் உருளாது.

"சங்கு ஊதிட்டாங்களே. பத்து நிமிஷம்தான். போன வாரம் வண்டி ஓட்டிக்கிட்டு வந்தவன நானே எறக்கி நிக்க வச்சேன். இன்னிக்கு நானே ஓட்டினா ஊரு சிரிக்காதா? ரொம்ப முடியலயா?"

ஊர்ச் சபையின் மூப்பர் மனைவி அவள்.

"இருந்துக்கிறேன்" என்றாள். சொன்ன வாயின்மேலேயே ஆத்திரம் வந்தது.

பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். எல்லோரும் பாடத் தொடங்கியதும் கழுத்துக்குள் கேட்ட ரீங்காரம் அந்த அடிக்குரல்களோடு சேர்ந்துகொண்டது. காலை மாற்றிப் போட்டாள். மறுபடி மாற்றினாள். இருப்புக்கொள்ளவில்லை. விரல்களுக்கு அடியில் வீக்கம் நகர்ந்தது. மூச்சு திணறியது. நர்ஸ் சொன்னதை இப்போதே கத்திச் சொல்லிவிட வேண்டும். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

பெலெனாதோ கண்களை மூடி ஜெபிக்கத் தொடங்கினார். அனைவரும் கண்களை மூடினார்கள். மழைக்கு நன்றி. போதகருக்கு நன்றி. தேறிவரும் மனைவிக்கு நன்றி.

அவரைத் தொடக் கை நீட்டினாள். எட்டவில்லை.

ரீங்காரம் நின்றது.

அப்பாடா.

பிளாஸ்திரி மெல்ல உரிந்தது. சூடு. எதிரே அவருடைய வெள்ளைச் சட்டையில் ஒரு சிவப்புக் கோடு. அதன் மேல் இன்னொன்று. லுப்பேயின் முகத்திலும் தெறித்தது. மழைச் சாரல் என்று நினைத்தாளோ என்னவோ, கண்ணைத் திறக்காமலே புறங்கையால் கன்னத்தில் இழுத்துத் துடைத்துக்கொண்டாள்.

ஜெபம் இன்னும் முடியவில்லை.