மீன்தொட்டிக்குக் காற்று

பலாங்கொடைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு நான் கிளாக்கராக மாற்றலாகி வந்தது 1996இல். என்னிடம் இரண்டு சூட்கேசும் ஒரு கண்ணாடித் தொட்டியும் இருந்தன. சூட்கேசுகள் பஸ் கூரையில் ஏறின. தொட்டியை மடியில் வைத்து, நான்கு மீன்கள் கிடந்த பொலித்தீன் பையைக் கையில் தூக்கிப் பிடித்தபடி மலை ஏறினேன். பக்கத்தில் இருந்தவர் கறிக்கா என்று சிங்களத்தில் கேட்டார். வளர்க்க என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குவாட்டர்ஸ் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். தகரக் கூரை, சுவரெல்லாம் பூஞ்சணம், கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் பழைய ஈர வாசனை. அதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, மனைவி பத்மாசனியும் போய்ச் சேர்ந்த பிறகு, என் முகத்தைக் கண்டு நீந்தி வருகிற உயிர்கள் அந்த நான்கும்தான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. நாடெங்கும் மின்வெட்டு. எங்கள் பக்கம் பகல் இரண்டரைக்குப் போகிற கரண்ட் ஆறரைக்குத்தான் வரும். தொட்டியின் காற்று பம்ப் நின்றதும் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். முதல் வாரமே ஒன்று செத்தது. மிச்ச மூன்றையும் காப்பாற்ற, டம்ளரால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் காத்தமுத்து உள்ளே வந்தான். குவாட்டர்ஸ் காவல்காரன், முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் முடிக்காமல் போகமாட்டான். காற்றுதானே வேண்டும் என்று சொல்லி, தொழிலாளர் லயத்துக்குப் போய் ஒரு மிதிபம்பும் கறுப்பு ரப்பர் குழாயும் கொண்டுவந்தான். பம்ப் என்றால் இரும்புச் சட்டத்தில் வைத்த தோல் துருத்தி. மிதித்தால் கீச்சென்று கத்தும். குழாய் பன்னிரண்டடி நீளம். ஒரு முனை கத்தியால் கோணலாக அறுக்கப்பட்டிருந்தது. அந்த முனையை நானே தொட்டிக்குள் விட்டேன். அவன் மிதித்தான். குமிழிகள் எழுந்தன. மீன்கள் கீழே இறங்கின.

எனக்கு வந்த சந்தோஷத்தில் அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனேன். அவன் காலை எடுத்துவிட்டுப் பீடி பற்றவைத்தான்.

குழாய் அசைந்தது.

தொட்டிக்குள்ளிருந்து யாரோ இழுத்ததுபோல ஒரு சாண் உள்ளே போய் நின்றது. மறுபடியும் ஒரு சாண்.

மீன் முட்டியிருக்கும் என்றேன். காத்தமுத்து பீடியைக் கீழே போட்டுவிட்டுப் பம்ப்பின் மேல் காலை வைத்தான். கரண்ட் வரும்வரை அந்தக் காலை அவன் எடுக்கவே இல்லை.

மறுநாளும் இரண்டரைக்கு வந்தான். அதற்கடுத்த நாளும் வந்தான். மூச்சு வாங்க நின்றால் போதும், குழாய் இரண்டு முறை இழுபடும். கரண்ட் வந்ததும் ஓய்ந்துவிடும். பத்தாம் நாள் மிச்ச மீன்களும் செத்து மிதந்தன. தண்ணீர் கலங்கி, மழைக்காலத்துப் பள்ளம்போல மண் வாசம் அடித்தது.  அவன் காலைப் பார்த்தபோது மீனை மறந்தேன். பாதம் வீங்கி, கொப்புளம் உடைந்து, பம்ப்பின் தோலில் இரத்தம் ஒட்டியிருந்தது.

"விடு காத்தமுத்து. மீன் எல்லாம் செத்துப்போச்சு."

"மீனுக்கில்லீங்க ஐயா."

மிதித்துக்கொண்டே சொன்னான். பெல்மதுளைப் பக்கம், அனுமதி இல்லாமல் தோண்டிய மாணிக்கக் குழி அது. அவன் தம்பி மூக்கையா குழிக்குள் இறங்கி, பக்கவாட்டில் குடைந்த சுரங்கத்தில் தவழ்ந்து போவான். குழாயின் முனையை நைலோன் கயிற்றால் இடுப்பில் கட்டியிருப்பான். மேலே நின்று மிதிப்பது காத்தமுத்து. அங்கிருந்து குரல் கேட்காது. அதனால் குழாயை இரண்டு தடவை இழுத்தால் காற்று போதவில்லை என்று அடையாளம். ஒருநாள் ரோட்டில் பொலிஸ் ஜீப் வந்து நின்றது. பம்ப் கத்தினால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அவன் காலை எடுத்துவிட்டுத் தேயிலைச் செடிக்குள் குப்புறப் படுத்தான்.

"குழாயப் புடிச்சுக்கிட்டேதான் படுத்திருந்தேங்க. ரெண்டு ரெண்டா இழுத்தான். எத்தன தடவன்னு எண்ணல. பம்ப் கத்துமேன்னு நான் மிதிக்கல."

ஜீப் போனபோது இழுப்பு நின்றிருந்தது. சுரங்கமும் சரிந்து கிடந்தது. உடம்பை எடுக்க முடியவில்லை. வெளியில் தெரிந்தால் எல்லோருக்கும் சிறை. கூட்டாளிகள் மண்ணைத் தள்ளினார்கள். இவன் குழி வாயில் கைக்கு எட்டிய மட்டும் குழாயை அறுத்துக்கொண்டு வந்தான். மிச்சக் குழாய் தம்பியின் இடுப்போடு மண்ணுக்குள் போயிற்று. மூக்கையாவின் மனைவி இருளாயியிடம், தம்பி கொழும்பில் கடை வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொன்னான். அது நடந்து ஒன்றரை வருஷம்.

 தோட்டத்துத் தபால் என் மேசைக்குத்தான் வரும். வாரம் தவறாமல் இருளாயி வந்து கேட்பாள். கடிதம் இல்லை பிள்ளை என்று நானே எத்தனையோ தடவை சொல்லியனுப்பியிருக்கிறேன்.

அப்படியென்றால் குழாயை வெளியே எடுத்துப்போட்டால் எல்லாம் முடியும் என்றேன். கையையும் நீட்டினேன். காத்தமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டான். 

"ரெண்டாவது தடவையும் காத்த நிறுத்தச் சொல்றீங்களா?"

நான் கையை இழுத்துக்கொண்டேன்.

கதவோரம் நிழல் தட்டியது. இருளாயி நின்றாள். தபால் கேட்க வந்தவள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்று முகத்தில் தெரிந்தது. அவள் அழவில்லை. நேராக வந்து காத்தமுத்தைத் தள்ளிவிட்டு, தன் காலைப் பம்ப்பில் வைத்தாள். அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

கீச். கீச். கீச்.

திடீரென்று குழாய் விறைத்தது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

"மூணுன்னா என்னாங்க?" இருளாயி அவனைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

காத்தமுத்து தலையைத் தூக்கினான். "மேல தூக்குன்னு."

அவள் குழாயைப் பிடித்து இழுத்தாள். அவனும் எழுந்து பிடித்தான். எதையும் நம்பாத நானும் பிடித்தேன். தொட்டி ஒன்றரை அடி ஆழம். குழாய் வந்தது. ஒரு முழம், இரண்டு முழம், பத்து முழம். கோணலாக அறுத்த முனையை என் கையால்தான் தண்ணீருக்குள் விட்டிருந்தேன். அறுத்த இடமே வரவில்லை. வெண்களிமண் அப்பிய குழாய் சில்லென்று வந்துகொண்டே இருந்தது. காலடியில் சுருள் சுருளாகக் குவிந்தது. தொட்டி துளியும் ஆடவில்லை. கீழே ஏதோ கனத்தது. ஆள் கனம்.

"வந்துருங்க. வந்துருங்க." இருளாயி முணுமுணுத்துக்கொண்டே இழுத்தாள்.

கனம் சட்டென்று போனது.

மூவரும் பின்னால் விழுந்தோம். குழாயின் கடைசி முனை தண்ணீரைவிட்டு வெளியே வந்து சிமெந்துத் தரையில் விழுந்தது. அதில் நைலோன் கயிறு தொங்கியது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்து பல்ப் எரிந்தது.

இருளாயி கயிற்றை எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை. முடிச்சுப் போட்ட இடத்தில் மடிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"அவுத்துட்டாரு" என்றாள். "யாரும் தூக்கமாட்டாங்கன்னு அவரே அவுத்துட்டாரு."

காத்தமுத்து தலையில் அடித்துக்கொண்டான்.  வெளியே லயத்துப் பக்கம் ரேடியோக்கள் ஒவ்வொன்றாகப் பாடத் தொடங்கின. கரண்ட் வந்தால் எல்லாம் ஓயும் என்பது நினைவுக்கு வந்து, எனக்குக் கொஞ்சம் தைரியம் பிறந்தது.

இருளாயி என் கையைத் தொட்டாள். தொட்டியைக் காட்டினாள்.

மின்சாரப் பம்ப்பை நான் இன்னும் போடவில்லை. மிதிபம்ப்பின் மேல் யார் காலும் இல்லை. வெறும் கண்ணாடித் தரையிலிருந்து இரண்டு குமிழிகள் எழுந்து உடைந்தன. சற்றுப் பொறுத்து, இன்னும் இரண்டு.

காத்தமுத்து பாய்ந்து குழாயைத் தண்ணீருக்குள் விட்டான். அது ஒன்றரை அடியில் கண்ணாடியில் முட்டி நின்றது. அழுத்தினான். திருகினான். உள்ளே போகவில்லை.

குழாயின் முனைக்குப் பக்கத்திலேயே இரண்டு குமிழிகள் எழுந்தன.