வளையாத ஒயர்

காலை ஆறு.

ஞானசீலன் ஸ்டவ்வைப் பற்றவைத்தான். இரண்டு டம்ளர் காப்பி போட்டான். ஒன்றைக் குடித்தான். மற்றதைக் கொட்டினான். சட்டையைத் தேய்க்காமல் மாட்டினான். சயானில் லோக்கல் ரயில் ஏறி விக்ரோலியில் இறங்கினான்.

இஸ்திரிப் பெட்டி ஷாக்கடித்து செல்வமேரி செத்துப் பதினோரு நாள்.

ஒயர் ஃபாக்டரியில் அவன் கெமிஸ்ட். கோடவுனில் ஃபோர்மேன் பிரம்மநாயகம் மட்டும் நின்றிருந்தார்.

"என்ன தம்பி, அதுக்குள்ள வேலைக்கு வந்துட்டிய? சட்டையெல்லாம் கசங்கிக் கெடக்கு..."

ஞானசீலன் இரண்டு ஒயர்த் துண்டுகளை நீட்டினான்.

"ரெண்டும் ஒரே ஒயர்ச் சுருள்ல வெட்டுனது, அண்ணாச்சி. இதை வளைங்க."

வளைந்தது.

"இது எங்க வீட்டு இஸ்திரிப் பெட்டி ஒயர். வளைங்க!"

படக்!

தோல் பிளந்து செம்பு பல்லிளித்தது.

"பழசாயிருக்கும்..."

"மாட்டி ஒரு வாரத்துல அவ செத்தா! பி.வி.சி. தனியா இருந்தா விறைச்சுக் கெடக்கும். நாம சேக்குற எண்ணெய்தான் வளைய வைக்குது. அந்த எண்ணெயை எவனோ உறிஞ்சிட்டான்!"

"எப்பிடி?"

"பெட்ரோல்ல ஊறப்போட்டு! பெட்ரோல் காயற வரைக்கும் மெத்துனு இருக்கும். காஞ்சா அப்பளம்!"

"அதுக்கு என்னை ஏன்ல மொறைக்க?"

"வீட்டுக்குக் கொண்டுபோற ஒயருக்கு நீங்கதான் பிளக் மாட்டிக் குடுப்பீங்க. இங்க அதானே வழக்கம்? நீங்க குடுத்தப்பவே ஒயர்ல பெட்ரோல் நாத்தம் அடிச்சுது. உங்க கை நாத்தம்னு விட்டுட்டேன்... மடையன் நான்!"

"ஈரக் கையோட தொட்டுட்டான்னு போலீஸே எழுதிட்டான். போலே, போய் வேலையப் பாரு!"

ஞானசீலன் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"எண்ணெய் ட்ரம்மைத் திருடி வித்தீங்க. மேனேஜர்கிட்ட சொல்லுவேன்னேன். அதுக்கு என் பொண்டாட்டியைக் கொல்லுவீங்களா!"

"விடுல! அவளை நான் ஏன் கொல்லணும்? அவ என்னைக்கு இஸ்திரி போட்டா? தெனமும் நீதான்ல தேய்ப்ப!"

ஞானசீலன் பிடியை விட்டான்.

சொன்னது என்ன என்று இப்போதுதான் பிரம்மநாயகத்துக்கே உறைத்தது!

ட்ரம்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்த இன்ஸ்பெக்டர் நாணு எழுந்தார்.

"போதும், அண்ணாச்சி. பொறி யாருக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்க."

விலங்கு க்ளிக்கிட்டது.

"குறி நீங்கதான், மிஸ்டர் ஞானசீலன்" என்றார் நாணு. "அன்னிக்கு மட்டும் அவங்க ஏன் தேய்ச்சாங்க?"

ஞானசீலன் கசங்கிய காலரைத் தொட்டான்.

பெட்டியை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, செல்வமேரி கடைசியாகச் சொன்னது இதுதான்:

"தள்ளுங்க! நீங்க தேய்ச்ச காலரைப் பாத்தா, கட்டுனவளுக்குக் கையே இல்லன்னுல்லா தாராவியே நெனைக்கும்!"