அக்கா விட்டுப்போன பாதி

தட்டில் வந்த பன்னை யாரோ ஏற்கெனவே கடித்திருந்தார்கள்.

டீக்கடைக்காரர் அதை மறைக்கவில்லை, மழுப்பவும் இல்லை. பாதி பன், பக்கத்தில் ஒரு டீ, இரண்டையும் அவள் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"உங்க அக்கா வச்சுட்டுப் போனாங்க. தங்கச்சி பின்னாடியே வருவா, குடுத்துடுங்கன்னாங்க."

"எப்போ?"

"இப்பதான். ஒரு நாப்பது நிமிஷம் இருக்கும்."

அக்கா காணாமல் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது.

எதிரே உட்கார்ந்திருந்த மாமாவின் டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. அவர் அக்காவின் கணவர். லாரி மெக்கானிக். எந்த இரும்பு உடைந்தாலும் முகம் மாறாத மனுஷன். இதே கடைக்குப் போலீஸோடு ஒரு முறை, தனியாக ஒரு முறை வந்து, இதே ஆளிடம் போட்டோவைக் காட்டி, பார்த்ததே இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பியவர்.

"அன்னிக்குத் தெரியவே தெரியாதுன்னீங்களே?" என்றார்.

"அன்னிக்கு நீங்க தங்கச்சியைக் கூட்டிட்டு வரலையே," என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் அடுப்பைப் பார்க்கப் போனார்.

கடைக்கு வெளியே மூன்று மாடி உயரத்துக்கு ஒரு சிமெண்ட் கோழி நின்றுகொண்டிருந்தது. வெயிலில் அதன் பெயின்ட் செதில் செதிலாக உரிந்து, காற்றடிக்கும்போதெல்லாம் சரசரவென்று சத்தம் போட்டது. ஊரில் எல்லோரும் லீவு விட்டால் மலைக்கும் கடலுக்கும் போவார்கள். அக்கா இந்த மாதிரிக் கோழியைப் பார்க்க ஆறு மணி நேரம் வண்டி ஓட்டுவாள். எந்தக் கிறுக்கன் இதைக் கட்டினான், பக்கத்துக் கடையில் என்ன கிடைக்கும், இந்த இரண்டும் தெரிந்தால் போதும் அவளுக்கு. கடைசியாக இந்தச் சாலையில்தான் வந்தாள். கோழி, பாட்டில் வீடு, தலைகீழ் வீடு என்று மூன்று படங்கள் தங்கையின் போனுக்கு வந்தன. நாலாவது வரவில்லை.

தங்கை பன்னைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அவள் பல் செட் செய்யும் கூடத்தில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்ப்பவள். நாள் முழுக்க மெழுகும் பிளாஸ்டரும், முகமே தெரியாதவர்களின் வாய்களும்தான். ஆளை மறப்பாள், கடியை மறக்கமாட்டாள். பன்னின் விளிம்பில் இடப்பக்கக் கோரைப்பல்லின் தடம் லேசாகத் திரும்பியிருந்தது. முன்பல்லின் மூலையில் ஒரு சின்ன உடைசல். சோடா மூடியைப் பல்லால் திறந்து காட்டுகிறேன் என்று பத்தொன்பது வயதில் அக்கா உடைத்துக்கொண்டது.

"அவளேதான் மாமா."

"சரிம்மா. தட்டை வச்சுடு. போலீஸைக் கூப்பிடலாம்."

"கூப்பிட்டு? பாதி பன்னைக் கண்டுபிடிச்சோம்னு சொல்லுவீங்களா?"

சின்ன வயதிலிருந்தே அக்கா எதையும் முழுசாகத் தின்றதில்லை. கடித்த பாதியைத் தங்கைக்கு வைப்பாள். இவளும் அக்கா கடித்த இடத்திலிருந்துதான் கடிக்க ஆரம்பிப்பாள். எச்சில் என்று அம்மா எத்தனை தரம் திட்டியும் இரண்டு பேரும் விட்டதில்லை. அதனால் யோசிக்கவே இல்லை. அந்த விளிம்பிலேயே வாயை வைத்து ஒரு கடி கடித்தாள். பன் மெத்தென்று சூடாக இருந்தது. மிச்சத்தைத் தட்டில் போட்டுவிட்டு வண்டிக்கு ஓடினாள்.

பாட்டில் வீட்டை நெருங்கும் முன்பே அதன் சத்தம் கேட்டது. சுவர் முழுக்கக் காலி பாட்டில்கள். ஆயிரக்கணக்கான வாய்கள் வெளிப்பக்கம் திறந்திருக்க, காற்று அவற்றின் மேல் உரசிக்கொண்டு போகும்போது ஒரு நீண்ட முனகல் எழுந்து, தணிந்து, மறுபடி எழுந்தது. உள்ளே பச்சையும் பழுப்புமாக வெளிச்சம். பழைய சாராயத்தின் புளிப்பு வாடை. மூலையில் இரண்டு மேஜை போட்டு ஒரு கேன்டீன். அதை நடத்தும் பெண்மணி கேள்வி கேட்கக்கூட விடவில்லை.

"சுண்டுதானே? வா வா. உங்கக்கா போய் இருபது நிமிஷம் ஆகுது. வாய் ஓயாம உன் பேச்சுதான்."

சுண்டு என்று அவளை அக்கா ஒருத்திதான் கூப்பிடுவாள்.

தட்டில் பாதி ஆப்பிள். சதை இன்னும் வெள்ளையாகவே இருந்தது, கறுக்கவே இல்லை. திரும்பிய கோரைப்பல், உடைந்த மூலை. அதற்குப் பக்கத்தில், ஒட்டினாற்போல், இன்னொரு கடி. அது சின்னது. இரண்டு முன்பற்களுக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி போகிற அளவு இடைவெளி.

அவள் நாக்கு தானாக எழுந்து தன் முன்பற்களின் இடுக்கைத் தொட்டது.

ஆப்பிளை அவள் தொடவே இல்லை. வந்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் அது அவளுடைய கடி. அவள் தொழிலில் அச்சு இல்லாமல் பல் செய்ய முடியாது. வாயைத் திறந்து, மெழுகைக் கடித்து, ஆளே அச்சைக் கொடுக்கவேண்டும். அங்கே, கோழிக்குப் பக்கத்தில், சூடான பன்னில், தன் அச்சை யாரும் கேட்காமலே கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

வெளியே வந்ததும் மாமா வண்டிச் சாவியைக் கைக்குள் இறுக்கி வைத்துக்கொண்டார்.

"போதும். திரும்பிடலாம்."

"சாவியைக் குடுங்க."

"இது தூண்டில்னு தெரியலையா உனக்கு? புழுவைக் காட்டிக் காட்டி இழுக்குது."

"தெரியுது மாமா. தூண்டில்னா மறுமுனையில ஒரு கை இருக்கும்ல? அந்தக் கையைத்தான் பார்க்கணும்."

"உன்னையும் விட்டுட்டு உங்கம்மா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"அக்காவை விட்டுட்டு இத்தனை மாசமா முழிச்சீங்கல்ல. அப்படியே முழிங்க."

சொன்னது தப்பு என்று சொன்னவுடனே தெரிந்தது. மாமா வண்டியில் ஏறி, அவள் கதவைச் சாத்தும்வரை காத்திருந்து, முன்னோக்கியே ஓட்டினார்.

சாலை குறுகிக்கொண்டே போனது. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வெற்று நிலம். வெட்டிய நெல்தாள்களின் காய்ந்த வாசனை. பறவை இல்லை, எதிரே ஒரு வண்டி இல்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. வாய்க்குள் பற்கள் தன்னுடையவை மாதிரி இல்லாமல் கடன் வாங்கியவை மாதிரி உறுத்தின. பயந்தால் பயந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். பயம் பாட்டுக்கு இருக்கட்டும், கால் பாட்டுக்கு நடக்கட்டும்.

தலைகீழ் வீட்டின் கூரை தரையில் ஊன்றியிருந்தது. ஜன்னல் வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். கட்டில், அலமாரி, சாப்பாட்டு மேஜை எல்லாம் தலைக்கு மேலே அறையப்பட்டுத் தொங்கின. காவலாளி டார்ச்சை மேலே காட்டினார்.

"அஞ்சு நிமிஷம் ஆச்சு. அதோ, வச்சுட்டுப் போயிருக்காங்க பாருங்க."

மேலே, அந்த மேஜையில், ஒரு தட்டு. ஆணி இல்லை, பசை இல்லை. அது விழாமல் இருந்தது. அவள் எக்கி எடுத்தாள்.

தட்டில் மரக் கரண்டி. பாதிக் கரண்டி. தேக்கோ என்னவோ, கெட்டி மரம். அது பன் மாதிரிக் கடிபட்டிருந்தது. சிராய் இல்லை, பிசிறு இல்லை.

டார்ச்சைப் பிடுங்கி எண்ணினாள். மனுஷ வாயில் மேல்வரிசைக்குப் பதினாறு பல். இங்கே இருபத்தெட்டுவரை எண்ணினாள், அதற்கப்புறம் கரண்டி முடிந்துவிட்டது. அக்காவின் பல். அவளுடைய பல். அக்காவினுடையது. அவளுடையது. ஒன்றுவிட்டு ஒன்றாக, ஒரே வரிசையில், தையல் போட்டது மாதிரி.

"யாருங்க கடிச்சது?" காவலாளியிடம் கேட்டாள்.

"அதான் சொன்னேனே. உங்கக்கா."

"இது எங்கக்கா வாய் இல்ல."

காவலாளி அவளை முதல்முறையாக நேராகப் பார்த்தார். "அப்படிச் சொல்லாதம்மா," என்றார் தணிந்த குரலில். "அதுக்குக் கேட்கும்."

"கேட்கட்டும்."

கடைசிக் கடை சாலையின் முடிவில் இருந்தது. அதற்கப்புறம் தார் இல்லை, மண்தான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மாமா என்ஜினை அணைக்கவில்லை.

"நான் வரேன்."

"வண்டியைத் திருப்பி வைங்க மாமா. ரெண்டு பேரா வருவோம்."

உள்ளே பத்துப் பன்னிரண்டு மேஜை. கடைக்காரர் இல்லை. அடுப்பில் நெருப்பு இல்லை. துடைத்த பலகையின் ஈர வாசனை. மூலையில் ஒரு மின்விசிறி, கட கட, கட கட. கடைசி மேஜையில் அக்கா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அதே நீலச் சட்டை. அதே ஒற்றைப் பின்னல். தோள்கள் அசைந்துகொண்டிருந்தன. மென்றுகொண்டிருந்தாள்.

தங்கை பின்னால் போய் நிற்கவில்லை. சுற்றிக்கொண்டு முன்னால் போனாள். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

அக்காவின் முகம்தான். கண், மூக்கு, புருவத்தில் தழும்பு. வாய் மட்டும் இறுக மூடியிருந்தது. தாடை கன்னத்தையும் தாண்டி, காதுக்குப் பின்னால்வரை போயிருந்தது.

"சுண்டு," என்றது. உதடு அசையவில்லை. "சாப்பிட்டியா?"

அக்காவின் குரல்.

"எங்கக்கா எங்க?"

"நான்தான்."

"வாயைத் திற."

அது தயங்கியது. இதுவரை வந்தவர்களில் யாரும் அதனிடம் இப்படிச் சொன்னதில்லை போலும்.

"திறன்னு சொல்றேன்ல. தினமும் நாப்பது வாயைப் பார்க்குறவ நான். திற."

திறந்தது. திறந்துகொண்டே போனது. முதல் வரிசை. அதற்குப் பின்னால் இன்னொன்று. பின்னால் இன்னொன்று. கிழவர்களின் தேய்ந்த பல். பால் பல். தங்கம் கட்டிய பல். யார் யாருடையவோ. முன்வரிசையில் அந்த உடைந்த மூலை. அதன் பக்கத்தில் அவளுடைய இடுக்கு, புதுசாக, பளிச்சென்று. உள்ளே இருட்டு. சூடான பன் வாசனை.

அக்காவின் பல்லையாவது பிடுங்கிக்கொண்டுதான் இங்கிருந்து போவது என்று முடிவு செய்தாள். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டினாள். உள்ளே விட்டாள்.

முதல் வரிசை. இரண்டாவது. ஈரம். சூடு.

உள்ளே, தொண்டைக்குள், ஒரு கை அவள் விரல்களைப் பிடித்தது.

கடிக்கவில்லை. பிடித்தது. ஐந்து விரலும். மெலிந்து, குளிர்ந்து, உயிரோடு. எத்தனையோ சாலைகளை அவள் கையைப் பிடித்துக் கடக்க வைத்த, அக்காவின் அந்தப் பிடி. அது இறுகியது.

"அக்கா."

எதிரே இருந்த அக்கா முகத்தின் கண்கள் சிரித்தன. வாய் மெதுவாக மூடத் தொடங்கியது. அவசரமே இல்லை அதற்கு. மேல்வரிசை இறங்கி வந்து அவள் முன்கையில் உட்கார்ந்தது. அக்காவின் பல், அவளுடைய பல், அக்காவின் பல், அவளுடைய பல். தோல் பிரிந்தது. வெளியே மாமா ஹார்ன் அடித்தார். ஒரு முறை. பிறகு விடாமல்.

அவள் மேஜையின் காலில் பாதத்தை அழுத்தி ஊன்றினாள். இன்னொரு சட்டைக் கையைப் பல்லால் கடித்து மேலே ஏற்றிவிட்டு, அந்தக் கையையும் உள்ளே விட்டாள்.