தேயாத இரண்டு டயர்கள்

சாலையின் குறுக்கே வெட்டிப் போட்டிருந்த மரங்களை அருள்மொழி எண்ணிக்கொண்டே வந்தாள். இது ஐந்தாவது. முதல் நான்கையும் ஏறித் தாண்டியவள், ஐந்தாவது மரத்தில் ஏறியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எழுந்திரு பாப்பா. தோ, வந்துட்டோம்," என்றார் அப்பா கொளஞ்சியப்பன்.

"ரெண்டாவது மரத்துலயும் இதத்தான் சொன்ன."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. அவரும் மரத்தின்மேல் உட்கார்ந்து கெண்டைக்காலை அமுக்கிவிட்டுக்கொண்டார்.

அது 1987ஆம் வருடம், புரட்டாசி மாதத் தொடக்கம். படிப்பிலும் வேலையிலும் தங்களுக்குத் தனி இடஒதுக்கீடு வேண்டும் என்று ஒரு சமூகத்தார் கேட்டு, ஊருக்கு ஊர் சாலை மறியல் நடந்துகொண்டிருந்தது. பஸ் இல்லை, லாரி இல்லை. கல்வராயன் மலையில், வெள்ளிமலையையும் தாண்டி இருக்கும் ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அப்பாவும் மகளும் முதல் நாள் காட்டுவழியாக மலையிறங்கி, இருட்டிய பின் கள்ளக்குறிச்சியில் தெரிந்தவர் வீட்டில் படுத்து எழுந்தபோதுதான் தெரிந்தது. அங்கிருந்து தியாகதுருகம் பக்கத்தில் இருக்கும் ஜீப்புக்காரர் ஊர்வரை நடராஜா சர்வீஸ்தான்.

ஜீப்பில் ஏறி ஜம்மென்று திரும்பி வரலாம் என்று அடம்பிடித்துக் கிளம்பியவள் அருள்மொழி. அந்த ஜீப்பை வாங்கத்தான் இந்த நடை.

ஜீப்பை ஆசைக்காக வாங்கவில்லை. அம்மா சாலம்மாளுக்கு அடுத்த மாதம் குழந்தை பிறக்கப்போகிறது. ஐப்பசி மழை வந்துவிட்டால் அவர்கள் ஊர் மண்பாதையில் வேறெந்த வண்டியும் ஏறாது, இறங்காது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஜீப்தான் போகும். போன வருடம் பக்கத்து வீட்டு அக்காவைக் கட்டிலில் படுக்கவைத்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ரொம்ப நேரம் ஆகிவிட்டது. அக்கா பிழைத்துக்கொண்டாள். குழந்தை பிழைக்கவில்லை. அதை நினைத்தால் அருள்மொழிக்கு இப்போதும் பயமாக இருக்கும்.

"மெக்கானிக் ராசு மாமா வந்திருப்பாராப்பா?"

"எங்கேர்ந்து வர்றது? உளுந்தூர்பேட்டையிலயும் மறியல்தானே. நாமளே பாத்துக்குனாத்தான் உண்டு."

அப்பாவுக்கு டிராக்டர் ஓட்டத் தெரியும். ஜீப்பும் ஓட்டுவார். ஆனால் அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதற்காகத்தான் ராசுவை வரச்சொல்லியிருந்தார்.

ஜீப்புக்காரர் தங்கதுரையின் வீட்டை அடைந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அவரும் களைத்துப்போய்த்தான் இருந்தார். வெட்டிய கரும்பு நான்கு நாளாக வயலிலேயே கிடந்து காய்ந்துகொண்டிருந்தது. ஆலைக்கு அனுப்ப வழியில்லை. சரியாகத் தூங்காததில் கண் சிவந்திருந்தது.

"வாங்க தம்பி. நடந்தேவா வந்தீங்க? பச்சப் புள்ளையையும் இட்டுக்கினு?"

அவர் மனைவி தைலம்மாள் இரண்டு சொம்பு மோர் கொண்டுவந்தாள். அருள்மொழி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அப்பாவின் சொம்பையும் ஒரு பார்வை பார்த்தாள். தைலம்மாள் சிரித்துக்கொண்டே இன்னொன்று கொண்டுவந்தாள்.

ஜீப் வேப்பமரத்தடியில் நின்றது. பச்சை நிறம். ஒரு பக்கம் கொஞ்சம் நசுங்கியிருந்தது.

"நாலு சக்கரமும் இழுக்கும் தம்பி," என்றார் தங்கதுரை. ஓட்டுநர் இருக்கைப் பக்கம் இருந்த சின்னக் கம்பியைக் காட்டினார். "இதத் தள்ளுனா போதும். செவுத்துல கூட ஏறும்."

அப்பா தெருக்கோடிவரை ஓட்டிவிட்டு வந்தார். எஞ்சின் சத்தம் சீராக இருந்தது. பிரேக் பிடித்தது. இறங்கியவர், "நல்லாத்தான் இருக்கு," என்றார்.

உண்மையைச் சொன்னால், அவர் மனசு முடிவுசெய்யும் முன்பே அவருடைய கால்கள் அந்த ஜீப்பை வாங்கிவிட்டன. இனி ஒரு அடிகூட நடக்க முடியாது என்று அவை சொல்லிவிட்டன.

"அப்ப வெத்தல பாக்கு மாத்திக்கலாமா?" என்றார் தங்கதுரை.

வெற்றிலை பாக்குடன் பணம் கைமாறிவிட்டால் பேச்சு முடிந்தது. அதன்பிறகு வண்டி வேண்டாம் என்று சொன்னால் அது மரியாதை இல்லை. தைலம்மாள் தட்டு எடுக்க உள்ளே போனாள்.

அருள்மொழி ஜீப்பின் நிழலிலேயே பொத்தென்று உட்கார்ந்து, பின்சக்கரத்தில் சாய்ந்துகொண்டாள். கை சும்மா இருக்கவில்லை. டயரின் பள்ளங்களில் விரலை விட்டுத் துழாவியது. பள்ளமே அதிகம் இல்லை. நகம் மட்டும்தான் இறங்கியது.

வெயில் நகர்ந்து முகத்தில் அடித்தது. தவழ்ந்துபோய் முன்சக்கரத்தில் சாய்ந்தாள். இங்கே விரல் பாதிவரை உள்ளே போனது.

மறுபக்கம் போய்ப் பார்த்தாள். அங்கேயும் அதே கதை. பின்னால் நகம், முன்னால் பாதி விரல்.

"மாமா, முன்னாடி ரெண்டு டயரும் புதுசா?"

"இல்லியே பாப்பா. நாலும் ஒரே நாள்ல வாங்கிப் போட்டது. ரெண்டு வருஷம் ஆவுது."

"அப்ப ஏன் பின்னாடி மட்டும் இவ்ளோ தேஞ்சிருக்கு?"

"பின் சக்கரம்தானே பாப்பா இழுக்குது? இழுக்கிறது தேயத்தான் செய்யும்."

அருள்மொழி தலையைச் சொறிந்தாள். "நாலும் இழுக்குதுன்னு சொன்னீங்களே மாமா."

தங்கதுரை அந்தச் சின்னக் கம்பியை எட்டித் தொட்டார். "கம்பியத் தள்ளுனாத்தான் நாலும் இழுக்கும். நான் எங்க அதத் தள்ளினேன்? இங்க எல்லாம் சமதரை," என்றார்.

"தள்ளியே பாக்காம, இழுக்கும்னு எப்படித் தெரியும்?"

"அருளு!" என்று அப்பா அதட்டினார். "பெரியவங்ககிட்ட இன்னா பேச்சு அது? சும்மா இரு."

அதற்குள் தைலம்மாள் தட்டோடு வந்துவிட்டாள். அப்பா சட்டைப்பைக்குள் கையை விட்டார். கட்டிலைத் தூக்கிக்கொண்டு போன அந்த நாலு பேரும் கண்முன் வந்து நின்றார்கள். இனி பேசிப் பயனில்லை என்று சடாரென்று குப்புறப் படுத்து, ஜீப்புக்கு அடியில் நுழைந்துவிட்டாள்.

"ஏய், இன்னா பண்றே? பாவாடை எல்லாம் அழுக்காவும்!"

உள்ளே எண்ணெய் நாற்றம் அடித்தது. நடுவில் பெரிய இரும்புப் பெட்டி மாதிரி ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரு தடித்த இரும்புத் தண்டு பின்சக்கரங்களின் பக்கம் போனது. முன்பக்கம் பார்த்தாள். அதே மாதிரி ஒரு தண்டைப் பொருத்துவதற்கு வாய் இருந்தது. தண்டு இல்லை. வாயில் ஒரு பழைய துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

"அப்பா! பின்னாடி ஒரு தண்டு போவுது. முன்னாடி ஒண்ணுமே போவல. துணிதான் கட்டியிருக்கு!"

அப்பாவின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. அவரும் முனகிக்கொண்டே குனிந்து, படுத்து, பார்த்தார். எஞ்சினின் பலம் அந்தத் தண்டு வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகவேண்டும். தண்டு இல்லாவிட்டால் சின்னக் கம்பியை எவ்வளவு தள்ளினாலும் முன்சக்கரங்கள் சும்மா உருளும், அவ்வளவுதான்.

தங்கதுரை நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அய்யய்யோ! நாந்தான் தம்பி கழட்டினேன். வாங்குன புதுசுல, டீசல் கம்மியா குடிக்கும்னு யாரோ சொன்னாங்க. கழட்டினதையே சுத்தமா மறந்துட்டேன். சத்தியமா ஏமாத்தணும்னு நினைக்கல."

அப்பாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கோபப்படவும் தெம்பு வேண்டுமே! தரையிலேயே உட்கார்ந்தபடி, "மழைல என் பொண்டாட்டிய ஏத்திக்கினு வந்து, ஏத்தத்துல நின்னிருந்தா இன்னாங்க பண்ணியிருப்பேன்?" என்று மட்டும் கேட்டார்.

தங்கதுரை தலையைக் குனிந்துகொண்டார். அவரைப் பார்க்கவும் அருள்மொழிக்குப் பாவமாக இருந்தது. அவள்கூடத்தான் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வீடெல்லாம் தேடியிருக்கிறாள்.

"அந்தத் தண்டு இப்ப எங்க மாமா இருக்கு?"

அவ்வளவுதான், தேடல் தொடங்கியது. பம்புசெட் அறை, வைக்கோல்போர், பரண், கட்டிலுக்கு அடி என்று எங்கும் இல்லை.

"இன்னாத்தத் தேடிக்கினு இருக்கீங்க எல்லாரும்?" என்றாள் தைலம்மாள்.

"இரும்புத் தண்டுடி. இம்மாம் நீளம். ரெண்டு பக்கமும் கொண்டி மாதிரி இருக்கும்."

"அதுவா? அதத்தான் கன்னுக்குட்டிப் பட்டிக்குக் குறுக்குத் தாழ்ப்பாளா போட்டிருக்கேன்!"

தங்கதுரை ஓடிப்போய்த் தண்டை உருவினார். மறு நொடி கன்றுக்குட்டி கதவை முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தது. நேராகத் தாய்ப்பசுவிடம் போய் முட்டி முட்டிக் குடித்தது.

"போச்சு! சாயங்காலப் பாலு மொத்தமும் போச்சு!" என்று தைலம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் களைப்பில்லாமல் இருந்தது அந்தக் கன்றுக்குட்டி ஒன்றுதான்.

தங்கதுரைக்குப் பம்புசெட் பழுது பார்த்துப் பழகிய கை. தண்டைத் துடைத்து, கிரீஸ் போட்டு, அப்பாவும் அவரும் அடியில் படுத்து மாட்டினார்கள். அருள்மொழி ஒவ்வொரு போல்ட்டாக எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போதே இரண்டு முறை கண் சொக்கியது.

பிறகு ஜீப்பைத் தண்ணீர் பாய்ந்திருந்த வயலுக்குள் இறக்கினார்கள். கம்பியைத் தள்ளாமல் ஓட்டியபோது பின்சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன. ஜீப் நின்ற இடத்திலேயே நின்றது. முன்சக்கரங்கள் அசையவே இல்லை.

"இப்பத் தள்ளுப்பா!" என்று கத்தினாள் அருள்மொழி. முன்சக்கரத்தைப் பக்கத்திலிருந்து பார்ப்பதற்காக வரப்போரம் குந்தியிருந்தாள்.

அப்பா கம்பியைத் தள்ளினார். முன்சக்கரம் சுற்றியது. ஒரு கூடை சேறு பறந்துவந்து அருள்மொழியின் முகத்தில் அப்பியது. ஜீப் உறுமிக்கொண்டு வரப்பில் ஏறிவிட்டது.

"இழுக்குதுப்பா! நாலும் இழுக்குது!" என்றாள். கண்ணும் பல்லும் மட்டும்தான் தெரிந்தன.

தங்கதுரை வெற்றிலைத் தட்டை எடுத்தார். அப்பாவிடம் நீட்டாமல் அருள்மொழியின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு பாப்பா. மாத்திக்கலாமா?"

அருள்மொழி சேற்றைத் துடைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா சிரித்தார். அன்றைக்கு முதல் தடவையாக.

"மாத்திக்கலாம் மாமா."

தார்ச்சாலையில் மரங்கள் கிடந்ததால் தங்கதுரை சொன்ன ஏரிக்கரை வண்டிப்பாதைகளில் புகுந்து புகுந்து கச்சிராயபாளையம் வந்து, மலையேறினார்கள். மலையில் மத்தியானமே மழை பெய்திருந்தது. கடைசி ஏற்றத்தில் மண் கொழகொழவென்று இருந்தது. அப்பா வண்டியை நிறுத்தி, சின்னக் கம்பியைத் தள்ளினார். ஜீப் ஒருமுறை வழுக்கியது. பிறகு நான்கு சக்கரமும் மண்ணைக் கவ்விப் பிடித்து ஏறியது.

விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அம்மா ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னாடி இது கோலம்?"

அருள்மொழி ஒரு பெரிய கொட்டாவி விட்டாள். அம்மா ஜீப்பைச் சுற்றி வந்து, பின்னால் இருந்த நீள இருக்கையை எட்டிப் பார்த்தாள். அவள் குரலில் கொஞ்சம் பயம் இருந்தது.

"ஏண்டி, அந்த நேரத்துல என்னால ஒக்கார முடியாது. படுத்துக்கினு போவ இதுல எடம் பத்துமா?"

"பத்தும்மா. இப்பிடிப் பாரு..." என்று அருள்மொழி அந்த இருக்கையில் ஏறிக் காலை நீட்டிப் படுத்துக்காட்டினாள்.

அடுத்த வார்த்தை வருவதற்குள் குறட்டை வந்துவிட்டது. அம்மா மூன்று தடவை கூப்பிட்டும் அவள் எழுந்திருக்கவில்லை. நீட்டிய காலுக்கு அப்பால் இருக்கையில் இன்னும் இடம் மிச்சம் இருந்தது. இடம் தாராளமாகப் பத்தும் என்று அம்மாவுக்குத் தெரிந்துபோயிற்று.