இரண்டு விநாடி மௌனம்

செவ்வாயின் மூன்றாம் கூண்டு நகரில், ரேஷன் வரிசையில் நின்ற ஒருவர் வழுக்கி விழுந்தார். சுற்றியிருந்த பதினொரு பேரின் காதுக்குள்ளும் 'டொய்ங்' என்றது. பதினொரு பேரும் சிரித்தார்கள். ஒலி ஓய்ந்ததும் நிறுத்திக்கொண்டு அவரைத் தூக்கிவிட்டார்கள்.

குழந்தைக்குக் காது குத்தும்போதே பொருத்திவிடுகிற செவிச்சில்லின் வேலை அது. எதற்குச் சிரிப்பது என்று அங்கே யாரும் குழம்ப வேண்டியதில்லை. திரைப்படத்திலும் 'டொய்ங்'தான் நகைக்குறி.

சுடர்க்கொடி பகலில் காற்று வடிகட்டிகளைக் கழுவினாள்; மாலையில் ஒலியமைப்பு வகுப்புக்குப் போனாள். இறுதித் தேர்வில் தேறினால் ஒலிக்கூடத்தில் வேலை. தவறினால் கடைசிவரை வடிகட்டிதான்.

தேர்வுக்கு ஒலியமைக்க ஒரு கல்யாணக் காட்சி தந்தார்கள். புகைப்படக்காரர், எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொல்லிக்கொண்டே பின்வாங்கிப் பின்வாங்கி, பாயசக் குண்டானில் உட்கார்ந்துவிடுகிறார். மற்ற மாணவர்கள் 'டொய்ங்' போட்டார்கள். அவளும் போட்டுப் பார்த்தாள். யாரோ விலாவில் இடித்துச் சிரிக்கச் சொல்வதுபோல் இருந்தது; எடுத்துவிட்டாள். அவர் உட்காரும் கணத்தில் நாதஸ்வரத்தைச் சட்டென நிறுத்தினாள். பிறகு மௌனம். அரை விநாடி, ஒன்று, ஒன்றரை என்று நீட்டி இரண்டில் வைத்தாள். அதன்பின் கேமராவின் 'க்ளிக்'. சரிதானா என்று சந்தேகம் வந்து ஒன்பது முறை மாற்றினாள். திரும்ப இரண்டுக்கே வந்தாள்.

தேர்வரங்கில் நாற்பது பார்வையாளர்கள். க்ளிக் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"சிரிக்கணுமாக்கா?" என்றாள் ஒருத்தி.

"தெரியலடி. பொறு, சொல்லுவாங்க."

சுடர்க்கொடிக்கு வடிகட்டியின் வாடை மூக்கில் ஏறியது. அப்போது தேர்வாளர் இருதயராஜ் வெடித்துச் சிரித்தார். தேர்வாளர்கள் செவிச்சில்லை அணைத்துவைக்க வேண்டும் என்பது விதி. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கச் சிரிக்க, முன்வரிசை சிரித்தது. பிறகு நாற்பது பேரும்.

தேர்வு வாரியம் அரங்கின் சிரிப்பை அளந்த சிரிப்புமானியை ஆராய்ந்தது. அவளுக்கு வேலை கிடைத்தது. மௌனத்தை வெட்டிவிட்டு, இருதயராஜின் சிரிப்பைப் புதிய நகைக்குறியாக எல்லாச் செவிச்சில்லிலும் ஏற்றினார்கள். அதைப் படத்துக்குப் படம் ஒட்டுவதுதான் அவள் வேலை.

மறு ஆண்டு, ஓய்வுபெற்று எல்லோரையும்போல் செவிச்சில்லை இயக்கிவிட்டிருந்த இருதயராஜை ஒரு முன்னோட்டத்துக்கு அழைத்தாள். அவருக்காகவே ஓரிடத்தில் சிரிப்பை ஒட்டாமல் மௌனத்தை விட்டிருந்தாள். அந்த இடம் வந்தது. அவர் முகம் அசையவில்லை. சற்றுப் பொறுத்து அவள் பக்கம் சாய்ந்தார்.

"நல்லாத்தான் இருக்கும்மா. என் சிரிப்பு எப்ப வரும்?"