முன்வரிசைக் கேட்பி

மாலை ஆறு பத்துக்கு அரங்கின் கதவு திறந்தது. கேட்பிகள் வரிசையாக உருண்டு வந்து தத்தம் இருக்கைகளில் ஏறி அமர்ந்தன. ஒவ்வொன்றும் ஒரு செம்பு அளவு. சிலவற்றுக்கு உரிமையாளர்கள் மல்லிகைச் சரம் சுற்றி அனுப்பியிருந்தார்கள்.

புதுச்சேரியில் மனிதர்கள் கச்சேரிக்கு வருவது நின்று ஒரு தலைமுறை ஆகிவிட்டது. அவர்களுக்குப் பதிலாகக் கேட்பி என்ற கருவி போய்க் கேட்கும். கேட்டதைப் பிழிந்து சாறாக்கும். விடிவதற்குள் சாறு உரிமையாளரின் காதுக்குப் பின்னால் பதித்த செவிச்சில்லில் இறங்கிவிடும். ஒன்றரை மணி நேரக் கச்சேரி ஒன்பது நொடியாகும். காலையில் எழுபவருக்குக் கேட்பியை அனுப்பிய நினைவு இருக்காது. தானே போய் உட்கார்ந்து கேட்ட நினைவுதான் இருக்கும்.

சாற்றில் மெட்டு தங்கும். மெட்டைக் கீழிருந்து தாங்கும் சுரங்கள் தங்காது. கேட்பி அவற்றை மிகை என்று கழித்துவிடும்.

சவரிநாதன் ஜாஸ் இசைஞர். அந்தக் கீழ்ச் சுரங்களுக்கான பேஸ் கிட்டார் வாசிப்பவர். முப்பது ஆண்டுகள் சொந்தக் குழு நடத்தினார்; தான் இயற்றியதை மட்டுமே வாசித்தார். ஒவ்வொன்றையும் பேஸில் தொடங்கித்தான் மேலே கட்டினார். மகள் மொனிக்கை ஒருநாள் அவற்றில் ஒன்றை முனகிக் காட்டச் சொன்னார். அவள் சாக்ஸபோன் பகுதியைப் பிழையில்லாமல் முனகினாள்.

"கீழ நான் வாசிச்சது?"

"அதுல நீங்களும் வாசிச்சீங்களாப்பா?"

அதே வாரம் மருத்துவர் அவருடைய இடது கையைப் பார்த்தார். நரம்பு செத்துக்கொண்டிருந்தது. இரண்டு விரல்கள் ஏற்கெனவே மரத்திருந்தன. மழைக்காலம்வரை தாங்காது என்றார்.

சவரிநாதன் 'உப்பளம்' எழுதினார். மொனிக் பிறந்த பகுதியின் பெயர் அது. பேஸ் மட்டும். வேறு கருவி இல்லை.

"இதுக்குக் கேட்பிய அனுப்பாதம்மா. பிழிய ஒண்ணும் இருக்காது. நீயே வா."

"வரேன்பா. இதுக்குப் போய்க் கெஞ்சுறீங்களே."

"கெஞ்சித்தான் கேக்குறேன். ஒரு தடவை. கை இருக்கும்போதே."

"முன்வரிசையில உக்காந்து சத்தமா கை தட்டுறேன். போதுமா?"

கச்சேரியன்று முன்வரிசையில் அவளுடைய இருக்கையில் கேட்பி இருந்தது. மல்லிகைகூட இல்லை.

அரங்க மேலாளர் ரியாஸ் திரைக்குப் பின்னால் வந்தான். "ஆரம்பிங்கண்ணே. பாவம், இவங்களுக்கு சார்ஜ் இறங்குது."

"இவங்களுக்கா?"

"வாய் பழகிப்போச்சுண்ணே."

அவர் வாசித்தார். பாதியில் மோதிர விரல் நின்றது. பிறகு மற்றவை. கை கிட்டாரின் கழுத்திலிருந்து நழுவி மடியில் விழுந்தது. அவர் நிறுத்தினார். அரங்கில் ஒரு இருமல் இல்லை. பிறகு வலது கையால் மட்டும், அழுத்தாத தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டினார். முடியும்வரை அப்படியே மீட்டினார். எழுதியதைவிட அது நன்றாக இருந்தது. அதைத் தெரிந்துகொள்ள அங்கே அவர் மட்டுமே இருந்தார்.

மறுநாள் விடிந்தபோது ஊரின் செவிச்சில்லுகளில் ஒன்பது நொடி இருந்தது. அதில் ஒலி இல்லை.

முதலில் எழுந்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். போய்க் கேட்ட நினைவு அவருக்குத் தெளிவாக இருந்தது. என்ன கேட்டோம் என்பதுதான் இல்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, கண் கலங்கிவிட்டது என்று நண்பர்களிடம் சொன்னார். அவர்களுக்கும் எதுவும் கேட்டிருக்கவில்லை. தங்களுக்கும் கலங்கியது என்றார்கள். நண்பகலுக்குள் ஊரே அழுதிருந்தது. மாலையில் அந்தச் சாறு தங்களுக்கும் வேண்டும் என்று பாரிஸிலிருந்து கேட்டார்கள்.

ரியாஸ் பூமாலையோடு வீட்டுக்கு வந்தான்.

"அண்ணே, இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணு நடந்ததில்ல. சிங்கப்பூரும் கேக்குது. இதே மாதிரி வருஷத்துக்கு நாலு குடுங்க."

"கை போயிடுச்சு ரியாஸ்."

ரியாஸ் கையைப் பார்த்தான். உண்மையாகவே வருந்தினான்.

"இதுக்குக் கை எதுக்குண்ணே?" என்றான்.

அவன் போன பிறகு மொனிக் வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. அவள் நடிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த நினைவு அவளுக்குச் சில்லிலிருந்து கிடைத்திருந்தது. அழுகை ஊரிடமிருந்து.

"நீங்க இப்படி வாசிச்சு நான் கேட்டதே இல்லப்பா. உங்களையே பாத்துக்கிட்டு இருந்தேன். அழுதுட்டேன்."

சவரிநாதன் வலது கையால் இடது கையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்தது அவருக்குத் தெரியவில்லை, கண்ணால்தான் பார்த்தார்.

"பாதியில கை விழுந்துச்சேம்மா. நீ ஏன் எழுந்து வரல?"